அ. மாதவையா: நின்ற கதையை மீண்டும் எடுத்தவர்

மயிலாப்பூரில் நம் வட்டத்தினர் கூடும் மாடி அறையிலிருந்து இறங்கி வடக்கு நோக்கிச் சிறிது தொலைவு நடந்தால் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை வந்துவிடும். முந்திய தலைமுறையினர் அதனை எட்வர்டு எலியட்ஸ் சாலை என்றே வழங்கினர். அச்சாலையில் பெருங்குளம் என்னும் பெயர் தாங்கிய வீடொன்று இருந்தது. தாமிரபரணி பாயும் நாட்டில் தாம் பிறந்த சிற்றூரின் பெயரைப் பட்டணத்து வீட்டுக்கு இட்டு, தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளை அங்கே கழித்தவர் அ. மாதவையா. தமிழ் நாவலின் முதல் தலைமுறையைச் சேர்ந்தவர், 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர் என்று இலக்கிய வரலாற்று நூல்கள் அவரை இரண்டு தொடர்களில் அறிமுகப்படுத்திவிட்டு மேலே சென்றுவிடும். அவற்றுள் அடங்காத ஒரு பண்பு அவரிடம் இருந்தது. நின்றுபோன கதையை அவர் கைவிட்டதில்லை. பல்லாண்டுகள் கழித்தேனும் அதனை மீண்டும் எடுத்தார்.

நமது பத்தாண்டு நிறைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் அன்பர் ஒருவர் தாம் எழுதிய காதல் நாவலின் கைப்படியை மூன்று அமர்வுகளில் வாசித்தார். கருத்துரை கூறியவர்கள் கடுமையாகவே கூறினர். அவர்களுள் நானும் ஒருவன். நாங்கள் சுட்டிய குறைகள் பெரும்பாலும் உண்மையானவையே. ஆயினும், நான்காம் அமர்வுக்கு அக்கைப்படி வரவில்லை. அன்பர் இன்றும் கூட்டங்களுக்கு வருகிறார், பிறர் எழுதியதை மிகுந்த பரிவோடு கேட்கிறார், தம் நாவலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அப்படி நின்றுபோன கதை ஒன்றுக்கு நாமும் பொறுப்பு என்னும் எண்ணம் என்னை விட்டு அகலாத நிலையில்தான் மாதவையாவின் நூல்களை மீண்டும் படித்தேன்.

மாதவையா 1872-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் பெருங்குளத்தில் பிறந்தார். அவ்வூர் அன்று திருநெல்வேலிச் சீமையில் இருந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. பள்ளிக் கல்வியை முடித்துக்கொண்டு 1887-இல் சென்னைக்கு வந்து கிறித்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதே ஆண்டில் அவருக்குத் திருமணமும் நடைபெற்றது. மணமகனுக்கு வயது பதினைந்து. மணமகள் மீனாட்சிக்குப் பதினொன்று. அக்காலத்து வழக்கத்தில் இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. எனினும், பின்னாளில் காதலைப் பற்றி எழுதப் புகுந்த ஒருவருக்கு இது எத்தகைய சிக்கலாக முன்னின்றிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிறித்துவக் கல்லூரி அந்நாளில் தாம்பரத்துக்குப் போயிருக்கவில்லை. 1937 வரை உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, ஜார்ஜ் டவுன் பகுதியிலேயே இயங்கி வந்தது. வில்லியம் மில்லர் முதல்வராக இருந்த காலம் அது. ஆங்கில இலக்கியத்தை, குறிப்பாக ஷேக்ஸ்பியரை, வாழ்க்கைக்கு வழிகாட்டும் நூலாகக் கருதிக் கற்பித்தவர் மில்லர். அவருடைய மாணவர்களுள் மூவர் தமிழில் நாவல் எழுதினர் என்பது குறிப்பிடத்தக்கது. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமையர் ஒருவர்; 'மதிவாணன்' எழுதிய வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் மற்றொருவர், மாதவையா மூன்றாமவர். ராஜமையரும் மாதவையாவும் பிறந்த ஆண்டு ஒன்றே. சாஸ்திரியாரும் மாதவையாவும் பி.ஏ. பட்டம் பெற்ற ஆண்டும் ஒன்றே, அது 1892.

இம்மூவருள் ராஜமையர் 1898-இல் இருபத்தாறு வயதில் மறைந்தார். பரிதிமாற் கலைஞர் என்று நாம் போற்றும் சாஸ்திரியார் 1903-இல் முப்பத்து மூன்று வயதில் மறைந்தார். தாம் எழுதியதைத் தாமே முதிர்ந்த கண்ணோடு திரும்பப் பார்க்கும் வாய்ப்பு அவ்விருவருக்கும் கிட்டவில்லை. மாதவையாவுக்கு மட்டும் ஐம்பத்து மூன்று வயது வரை வாழ்நாள் வாய்த்தது. அதுவும் நீண்ட ஆயுள் அன்று. ஆனால், அவர் அந்தக் காலத்தை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

1892-இல் சி. வி. சுவாமிநாத ஐயர் 'விவேக சிந்தாமணி' என்னும் மாத இதழைத் தொடங்கினார். புதிதாகப் பட்டம் பெற்றிருந்த மாதவையாவிடம் கதை எழுதித் தருமாறு கேட்டார். 'சாவித்திரி சரித்திரம்' அவ்விதழில் தொடராக வெளிவரலாயிற்று. எழுதியவரின் பெயரும் சாவித்திரி என்றே குறிக்கப்பட்டது. கதை சொல்பவள் ஓர் அந்தணப் பெண். இருபது வயது இளைஞர் ஒருவர் பெண்ணின் பெயரைப் பூண்டு, பெண்ணின் குரலில், குடும்பத்துக்குள் பெண் படும் துன்பத்தைச் சொல்லத் தொடங்கினார்.

அந்த ஆண்டின் சூழலையும் நினைவிற்கொள்ள வேண்டும். மனைவியாயினும் பன்னிரண்டு வயது நிரம்பாத பெண்ணோடு உடலுறவு கூடாது என்று, முன்னர்ப் பத்தாக இருந்த வயது எல்லையை உயர்த்திய சட்டம் 1891-இல்தான் நிறைவேறியிருந்தது. அதனை எதிர்த்தும் ஆதரித்தும் நாடெங்கும் பெரும் வாதம் நடந்து ஓய்ந்திருந்த நேரம். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 'தி இந்து' இதழை நிறுவியவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், இளமையிலேயே கைம்பெண்ணான தம் மகளுக்கு மறுமணம் செய்வித்துச் சாதிக் கட்டுக்கு ஆளாகியிருந்தார். இத்தகைய காலத்தில் வெளிவரத் தொடங்கிய 'சாவித்திரி சரித்திரம்' முற்றுப்பெறவில்லை. சில பகுதிகளோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டில் அதே இதழில் தொடங்கிய ராஜமையரின் கதை, முடிவு வரை வந்து 1896-இல் நூலாகவும் ஆயிற்று. உடன் பயின்ற ஒருவருடைய கதை ஊரெல்லாம் படிக்கப்பட, தம்முடைய கதை பாதியில் கிடப்பதைக் காண நேர்ந்த இளம் எழுத்தாளரின் மனநிலையை நம்முள் பலர் அறிவோம்.

மாதவையா எழுதுவதை விட்டுவிடவில்லை. உப்பு, ஆப்காரி இலாகாவின் தேர்வில் முதலிடம் பெற்று 1893-இல் அரசுப் பணியில் சேர்ந்திருந்தார். ஊர் ஊராக மாற்றலாகும் உத்தியோகம் அது. உப்பளங்களைச் சுற்றிவர வேண்டும், கணக்குகளைச் சரிபார்க்க வேண்டும், திருட்டு உப்பையும் கள்ளச் சாராயத்தையும் தேட வேண்டும். எழுத்தாளர் கூட்டம் என்று ஒன்று அவ்வூர்களில் ஏது? தாம் எழுதியதை அன்றன்று படித்துக் காட்ட ஆளில்லாத தனிமையில்தான் 'பத்மாவதி சரித்திர'த்தின் முதற்பாகம் உருவாகி 1898-இலும், இரண்டாம் பாகம் 1899-இலும் வெளிவந்தன.

அந்நாவலை இன்று படிப்பவர் அதனைச் சமூகச் சீர்திருத்தக் கதை என்று வகைப்படுத்திவிடுவர். அதன் நடுநாடி காதல் என்பதே என் துணிபு. ஆங்கிலக் காதல் நாவலில் ஆணும் பெண்ணும் சந்திப்பர், விரும்புவர், தடைகளைக் கடப்பர், இறுதியில் மணம் செய்துகொள்வர். திருமணத்தோடு கதை முடியும். குழந்தைப் பருவத்திலேயே மணம் முடித்துவிடும் சமூகத்தில் எழுதுபவனுக்கு அந்தப் பாதை அடைபட்டுக் கிடந்தது. கதை முடிய வேண்டிய இடத்தில்தான் அவன் கதையைத் தொடங்க வேண்டும். மாதவையா அதனையே செய்தார். நாராயணனும் பத்மாவதியும் பெரியோர் கூட்டிவைத்த இல்வாழ்க்கையில் ஒருவரை ஒருவர் மெல்ல அறிந்து அன்பு கொள்கின்றனர். பெண் கல்வி அக்கதையில் கொள்கையாக மட்டும் நிற்கவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசுவதற்கு அதுவே வழியாகிறது. பின்னர் நாராயணனின் உள்ளத்தில் மனைவியைப் பற்றிய ஐயம் புகுகிறது. புறத்தே உள்ள தடைகளைக் காட்டிலும் அகத்தே புகுந்த ஐயமே அன்புக்குப் பெரும்பகை என்பதைத் தமிழ் உரைநடையில் முதன்முதல் விரித்துக் காட்டியவர்களுள் அவரும் ஒருவர். ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'வைத் தழுவி அவர் 'உதயலன்' என்னும் நாடகம் இயற்றியதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். மில்லரின் வகுப்பறையில் படித்த கதை பெருங்குளத்து மொழியில் இருமுறை வெவ்வேறு வடிவம் கொண்டது.

'பத்மாவதி சரித்திரம்' நற்பெயர் பெற்றது. அதன் பிறகே அவர் பழைய காயத்துக்குத் திரும்பினார். 1892-இல் நின்ற சாவித்திரியின் கதையை மீண்டும் எடுத்து, முற்றுவித்து, 1903-இல் 'முத்துமீனாட்சி' என்னும் பெயரில் வெளியிட்டார். இடையில் பதினொரு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இங்கே நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நின்றுபோன கதையைத் திருத்துபவர் பெரும்பாலும் என்ன செய்வார்? எந்தக் கூர்மை பிறரை உறுத்தியதோ அதனை மழுக்குவார். மாதவையா அவ்வாறு செய்யவில்லை. முதலில், பெயரை மாற்றினார். சாவித்திரி என்பது கணவன் உயிரை எமனிடமிருந்து மீட்ட கற்பரசியின் பெயர். அப்பெயரைத் தாங்கிய கதைத் தலைவி எதைப் பேசினாலும் படிப்பவர் மனத்தில் புராணச் சாவித்திரியும் உடன் நிற்பாள். முத்துமீனாட்சியோ தென்பாண்டி நாட்டில் எந்தத் தெருவிலும் கூப்பிடக் கேட்கும் பெயர். இலட்சியப் பெண்ணின் இடத்தில் அண்டை வீட்டுப் பெண் வந்து நின்றாள். ஆசிரியர் தம் துணைவியாரின் பெயரும் அதனுள் கலந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும், கதை வீட்டுக்கு அண்மையில் வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

அடுத்து, முடிவு. சிறுமியாக மணமுடித்து, மாமியார் வீட்டில் வதைபட்டு, கைம்மை எய்திய முத்துமீனாட்சி மறுமணம் செய்துகொள்கிறாள். தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் உரத்துப் பேசவும் அஞ்சிய ஒன்றை, அப்பெண் தன் வாயாலேயே தன் வரலாறாகச் சொல்லி முடிக்கிறாள். பதினொரு ஆண்டுக்குப் பின் வந்த திருத்தம் கதையின் துணிவைக் குறைக்கவில்லை. தொடராக வந்தபோது நின்ற இடத்தைக் கடந்து, போக வேண்டிய இடம் வரை அது போயிற்று. வடிவத்திலும் பெயரிலும் விட்டுக்கொடுக்கலாம், சொல்ல வந்த பொருளில் விட்டுக்கொடுத்தலாகாது என்னும் உறுதியை அவர் எழுதிவைக்கவில்லை, செய்து காட்டினார்.

அவ்விளம் கைம்பெண் அவரை அத்தோடும் விடவில்லை. 1915-இல் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'கிளாரிந்தா' என்னும் வரலாற்று நாவலின் தலைவியும் ஓர் அந்தணக் கைம்பெண்ணே. பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை நாட்டு மராத்தியக் குடும்பத்தில் பிறந்து, உடன்கட்டை ஏறுவதிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரியால் காப்பாற்றப்பட்டு, 1778-இல் ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் தேவாலயம் எழுப்பிய அம்மையாரின் வரலாறு அது. திருநெல்வேலி மக்கள் அக்கோயிலைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று வழங்கினர். மாதவையா தம் சொந்தச் சீமையின் செவிவழிச் செய்தியிலிருந்து காதலும் கருணையும் கலந்த கதையொன்றை அமைத்தார். சாவித்திரி, முத்துமீனாட்சி, கிளாரிந்தா மூவரையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, ஒரே கைப்படியை ஒருவர் இருபத்து மூன்று ஆண்டுகளாகத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார் என்று தோன்றும்.

அவர் பூண்ட புனைபெயர்களும் நம் கருத்துக்குரியவை. 'சாவித்திரி' என்ற பெயரில் தொடங்கியவர், ஆங்கிலத்தில் 'தில்லை கோவிந்தன்' நாவலை 1903-இல் 'பம்பா' என்ற பெயரில் வெளியிட்டார். இறந்துபோன ஒருவரின் தன்வரலாற்றைப் பதிப்பிப்பவர் போல அந்நூலில் அவர் ஒதுங்கி நின்றார். அது 1916-இல் லண்டனில் பிஷர் அன்வின் நிறுவனத்தாரால் மீண்டும் வெளியிடப்பெற்றது. 'தி இந்து' இதழில் ஆங்கிலச் சிறுகதைகள் எழுதியபோது 'குசிகன்' ஆனார். அரசு ஊழியர் என்பதால் பெயரை மறைத்தார் என்று கூறி முடித்துவிடலாம். எழுதியவன் இன்னான் என்று அறியாதவர் கூறும் கருத்தே கலப்பற்ற கருத்து என்பதும் ஒரு பயன். நண்பரின் முகத்துக்காகப் புகழ்வதும், பகைவரின் முகத்துக்காக இகழ்வதும் புனைபெயருக்கு முன் செல்லா. எழுத்தாளர் வட்டம் வாய்க்காத உப்பு இலாகா அதிகாரிக்கு முகமறியாத வாசகர்களே வட்டமாயினர்.

குசிகன் கதைகளுக்கும் இரண்டாம் பிறவி உண்டு. ஆங்கிலத்தில் தாம் எழுதிய அக்கதைகளைத் தாமே தமிழாக்கி 1924-இல் 'குசிகர் குட்டிக் கதைகள்' என வெளியிட்டார். பிறர் எழுதியதை மொழிபெயர்ப்பவன் மூலத்துக்குக் கட்டுப்பட்டவன். தன் கதையைத் தானே மற்றொரு மொழியில் எழுதுபவன் ஒவ்வொரு வாக்கியத்தையும் மறுபடி விசாரிக்க வேண்டியவனாகிறான். வெளிநாட்டவர்க்கு விளக்க வேண்டியிருந்த பழக்கவழக்கங்கள் தமிழ் வாசகர்க்கு வேண்டா. ஆங்கிலம் அறிந்தார் முன் நகைத்துச் சொன்ன குறையை, அக்குறை உடையவர் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்து சொல்ல வேண்டும். திருத்தத்துக்கு இதனினும் கடுமையான பள்ளி வேறில்லை. கைப்படி நகராமல் நிற்கும்போது, அதனை வேறொரு செவிக்குச் சொல்லிப் பார்ப்பது நம்மவர்க்கும் கைகூடும் வழியே.

பணிக்காலம் முடிந்த பின்னர் மாதவையா மயிலாப்பூரில் குடியமர்ந்தார். ஓய்வூதியத்தைக் கொண்டு சொந்த அச்சகம் நிறுவினார். 1924-இல் 'பஞ்சாமிர்தம்' என்னும் மாத இதழைத் தொடங்கினார். இளமையில் கிடைக்காத எழுத்தாளர் கூட்டத்தை முதுமையின் வாயிலில் தாமே உண்டாக்கிக்கொண்டார் என்று கூறலாம். அவருடைய உறவினரும் வழக்கறிஞருமான பெ. நா. அப்புஸ்வாமியை அறிவியலைத் தமிழில் எழுதுமாறு ஊக்கியவர்களுள் மாதவையா முதன்மையானவர். 1891-இல் பிறந்த அப்புஸ்வாமி 1986 வரை வாழ்ந்து, தமிழ் அறிவியல் எழுத்துக்குத் தந்தையென மதிக்கப்பெற்றார். பெண்கள் எழுதிய கதைகளுக்கும் 'பஞ்சாமிர்தம்' இடம் தந்தது. 1892-இல் பெண்ணின் பெயரைத் தாம் புனைந்து எழுதியவர், 1924-இல் பெண்களே தம் பெயரில் எழுதுவதற்கு இதழை விரித்துவைத்தார். அதுவும் ஒரு திருத்தம்தான். பிறர் குரலில் பேசியவன் அவ்வுரிமையை உரியவரிடம் திருப்பித் தந்த திருத்தம்.

வீட்டுக்குள்ளும் எழுத்து வளர்ந்தது. மகன் மா. அனந்தநாராயணன் பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக விளங்கியவர். 1961-இல் 'தி சில்வர் பில்க்ரிமேஜ்' என்னும் ஆங்கில நாவலை வெளியிட்டவர். எண்மருள் இளையவரான மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைப் பற்றி எழுதுவதில் இணையற்றவராகத் திகழ்ந்து, 1996-இல் மறையும் வரை அச்சாலை வீட்டிலேயே வாழ்ந்தார்.

'பஞ்சாமிர்த'த்தின் பக்கங்களில்தான் மாதவையா தம் வாழ்வின் கடைசித் திருத்தத்தைத் தொடங்கினார். 'பத்மாவதி சரித்திர'த்துக்கு மூன்றாம் பாகம் எழுதலானார். முதலிரண்டு பாகங்கள் வெளிவந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அவை தாமாகவே நிறைவுற்றவை. பல பதிப்புகள் கண்டவை. ஆசிரியருக்கு அழியாப் புகழைத் தேடித் தந்தவை. யாரும் அவற்றைக் குறையுடையன என்று கூறி மூன்றாம் பாகம் கேட்டிருக்க வேண்டியதில்லை. பின் எதற்காகத் திரும்பினார்?

ஊகமாகவே கூறுகிறேன். முதற்பாகத்தை எழுதியவர் இருபத்தாறு வயது இளைஞர். தம் தலைமுறையின் ஆசையையும் ஐயத்தையும் பத்மாவதி நாராயணன் வாழ்வில் வைத்துப் பார்த்தவர். மூன்றாம் பாகத்தைத் தொடங்கியவர் ஐம்பது கடந்த தந்தை. குழந்தை மணத்தின் விளைவுகளை ஊரார் வீடுகளில் மட்டுமன்றி ஒரு பெருங்குடும்பத்தின் தலைவராகவும் கண்டவர். வரதட்சணையின் கொடுமையைப் பற்றி 1915-இல் ஆங்கிலத்தில் கதைப்பாடல் எழுதியவர். புதுமாதிரிக் கலியாணப் பாட்டுகள் இயற்றியவர். காதலைப் பற்றி இளைஞன் சொன்னதை முதியவன் மறுக்க வேண்டியதில்லை. அதற்கு மேல் சொல்வதற்கு அவனிடம் ஏதோ இருந்திருக்கிறது. திருமணத்தில் கதையைத் தொடங்கிய நாவலாசிரியர், நெடுநாள் இல்வாழ்க்கைக்குப் பின் அன்பு என்னவாகிறது என்பதையும் எழுதிவிட விரும்பியிருக்கலாம்.

1925-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரவை கூடியது. மயிலாப்பூரிலிருந்து கடற்கரையை ஒட்டிச் சென்றால் சேப்பாக்கம் தொலைவில் இல்லை. பி.ஏ. வகுப்பில் தாய்மொழியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேரவை உறுப்பினரான மாதவையா அன்று வாதிட்டுப் பேசினார். பேசி அமர்ந்த சிறிது நேரத்தில் அவ்விடத்திலேயே அவருயிர் பிரிந்தது. அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கிருஷ்ணனுக்குப் பதின்மூன்று.

பத்மாவதியின் மூன்றாம் பாகம் முற்றுப்பெறாமலே நின்றது. சாவித்திரி சரித்திரத்தில் தொடங்கிய அவருடைய எழுத்து வாழ்வு மற்றொரு முடியாக் கதையில் முடிந்தது. முதலாவது நின்றபோது அதனை எடுத்து முடிப்பதற்கு அவர் இருந்தார். இரண்டாவது நின்றபோது அவர் இல்லை. அவருக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1954-இல் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' பாதியில் நின்றது. தந்தை விட்டுச் சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதனை எழுதி முடித்தார். மாதவையாவின் கதைக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. எழுத்தாளன் தானே திருத்துவதற்கு உரிய காலம் எண்ணப்பட்ட காலம் என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தக்கூடியது வேறு எது?

அவர் வாழ்விலிருந்து நம் வட்டம் கற்றுக்கொள்ளத்தக்கதை இரண்டு பக்கமாக நோக்கலாம். ஒன்று எழுதுபவருக்கு உரியது. கதை நின்றதென்றால் அது இறந்துவிட்டதாகப் பொருளில்லை; பதினொரு ஆண்டு உறங்கிய கதையும் வேறு பெயரோடு, முன்னினும் துணிவான முடிவோடு எழுந்து வரலாம். பிறர் கூறிய குறைகளுள் வடிவத்தைப் பற்றியவற்றை ஏற்றுக்கொண்டு, பொருளைக் காத்துக்கொள்வதற்கு எழுதுபவருக்கு முழு உரிமை உண்டு.

மற்றொன்று கேட்பவருக்கு உரியது. இதனை என்னை முன்னிறுத்தியே எழுதுகிறேன். 1892-இல் அந்த இளைஞரின் தொடர் நின்றபோது, மேற்கொண்டு எழுதும்படி அவரைத் தூண்டிய குரல் ஒன்றேனும் இருந்ததா என்று இப்போது அறிய வழியில்லை. அவருடைய உறுதி அவரைக் காப்பாற்றியது. எல்லார்க்கும் அத்தகைய உறுதி வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்க்காகத்தான் இலக்கிய வட்டங்கள் ஏற்பட்டன. குறை கூறுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதாக நான் எண்ணியிருந்தேன். கூறிய குறைக்குப் பின் அக்கைப்படி என்னவாயிற்று என்று கேட்பதும் கடமையில் சேர்ந்ததே. கவிதையாயினும் கதையாயினும், ஓர் அமர்வில் வாசித்து மறு அமர்வில் காணாமற்போனவை நம் பத்தாண்டுக் குறிப்பேட்டைப் புரட்டினால் இன்னும் சில தென்படக்கூடும்.

மூன்று அமர்வுகளோடு நின்ற அந்தக் காதல் நாவலின் நான்காம் பகுதியை வரும் ஆண்டில் நம் மாடி அறையில் கேட்க விரும்புகிறேன். அன்று நான் கூறியவற்றுள் எவை வடிவத்தைப் பற்றியவை, எவை பொருளைத் தொட்டவை என்று பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். பொருளைத் தொட்டவற்றை மீட்டுக்கொள்கிறேன். மற்றவற்றை அன்பர் திருத்தி வரட்டும். பெயரை மாற்றியும் வரட்டும். பதினொரு ஆண்டுகள் ஆகவில்லை. இன்னும் காலம் இருக்கிறது.